சத்தம் வாட்டில் பிறக்கிறது

ஹால் டிவியோடு இணைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று சென்னை ரிச்சி தெருவில் என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ப்ராசஸர் பெயரோடு வருவார்கள். ஐ-5 போதுமா, ஐ-7 போட்டுவிடலாமா, ரைசன் எப்படி என்று கேட்பார்கள். ஆபீஸ் வேலைக்கோ கேமுக்கோ என்றால் சரியான கேள்விதான். படம் பார்க்கும் பெட்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. படத்தை ஓட்டுகிற வேலை ப்ராசஸரின் கோர்களுக்குப் போகவே கூடாது. அதே சில்லுக்குள் வீடியோவை விரித்துத் தருவதற்கென்றே ஒரு சின்ன டீகோடர் பகுதி இருக்கிறது. உங்கள் படத்தின் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறை, அதற்குத் தெரிந்திருந்தால் கோர்கள் தூங்கிக்கொண்டிருக்க, சொற்ப வாட்டில் வேலை முடியும். தெரியாவிட்டால் எல்லாக் கோர்களும் எழுந்து முட்டி மோதும், சூடு ஏறும், ஃபேன் இரையும். பெட்டி அமைதியாக இருக்குமா என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எனக்கு இதைக் கண் முன்னால் காட்டியது ஆட்டம் 330. 2008-இல் இன்டெல் அந்தச் சில்லைத் தன் சொந்த மினி-ஐடிஎக்ஸ் போர்டிலேயே பொருத்தி விற்றது. சில்லு 8 வாட்தான். போர்டைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். ப்ராசஸர் மேல் ஃபேன் இல்லாத குட்டி ஹீட் சிங்க். பக்கத்தில் சிப்செட் மேல் 40 மில்லிமீட்டர் ஃபேன், கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு. 945 வரிசையின் அந்தப் பழைய சிப்செட் ப்ராசஸரைவிட இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் தின்றது. இவ்வளவும் தின்றுவிட்டு 1080 படம் போட்டால் திக்கித் திணறும். மறு வருடம் என்விடியாவின் அயான் சிப்செட்டோடு அதே ஆட்டம் 330 வந்தது. அதே கோர், அதே 1.6 கிகாஹெர்ட்ஸ். ப்ளூ-ரே தரப் படம் தடங்கலே இல்லாமல் ஓடியது. அயானுக்குள் டீகோடர் இருந்தது, அதுதான் வித்தியாசம். அந்த இரண்டு போர்டுகளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்து ஒரே படத்தை ஓட்டிப் பார்த்த பிறகு, ப்ராசஸர் பெயரைச் சொல்லி யாரும் என்னை மிரட்ட முடியவில்லை.

2012-இல் ராஸ்பெரி பை வந்தபோது இதே விஷயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 35 டாலர் போர்டு, 700 மெகாஹெர்ட்ஸ். பிரவுசரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய் வரலாம். ஆனால் 1080 எச்.264 படத்தை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டியது. தி.நகர் பெரியவர் ஒருவருக்கு அதில் எக்ஸ்பிஎம்சி என்ற படம் ஓட்டும் மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். (அதுதான் 2014-இல் கோடி என்று பெயர் மாறியது.) அவரிடம் இருந்ததோ அலமாரி நிறைய டிவிடி, மோசர் பேயர் 2007-இல் தமிழ்ப் படங்களை மலிவு விலையில் இறக்கியதிலிருந்து சேர்த்தவை. அத்தனையையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றியிருந்தார். மறுநாள் போன். "என்னப்பா, இங்கிலீஷ் படம் ஜோரா ஓடுது, சிவாஜி படம் மட்டும் அசைய மாட்டேங்குது?" டிவிடியில் இருப்பது எம்பெக்-2. அதை விரிக்கும் திறன் சில்லுக்குள் இருந்தது, ஆனால் லைசென்ஸ் பூட்டு போட்டிருந்தது. 2 பவுண்டு 40 பென்ஸ் கட்டி, போர்டின் சீரியல் நம்பருக்கென்று தனியாகச் சாவி வாங்க வேண்டும். அந்த வசதி அந்த ஆகஸ்டில்தான் வந்தது. வாங்கிப் போட்டோம், சிவாஜி நடந்தார்.

ஆகவே ப்ராசஸரைப் பற்றிப் பேச்சு வந்தால், "என்ன படம் சார் வச்சிருக்கீங்க, எந்த ஃபார்மெட்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பழைய எச்.264 ஏறத்தாழ எதிலும் ஓடும். 4கே படங்களில் பெரும்பாலானவை 10-பிட் எச்இவிசி. இன்டெல்லில் அது முழுமையாக ஹார்டுவேருக்கு வந்தது 7-ஆம் தலைமுறையில், 2016 கடைசி, 2017 வாக்கில். 6-ஆம் தலைமுறை 8-பிட்டோடு நின்றுவிட்டது. கம்பெனிகள் கழித்துக் கட்டிய குட்டி டெஸ்க்டாப்கள் நம் தெருவில் மூட்டை மூட்டையாக வருகின்றனவே, அவற்றில் 6-க்கும் 7-க்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. டிவிக்கு வாங்குகிறவர்கள் ஏமாறுவது அந்த ஒரு நம்பரில்தான். யூட்யூபின் 4கே விபி9-இல் வரும், இப்போது ஏவி1-இலும் வருகிறது. ஏவி1 வேண்டுமென்றால் இன்டெல்லில் 11-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். குறைந்த வாட் வரிசையில், 2017 கடைசியில் வந்த ஜே4105 எச்இவிசி, விபி9 இரண்டையும் 10 வாட் சில்லில் கொடுத்தது. 2023 ஜனவரியில் வந்த என்100, ஏவி1-ஐயும் சேர்த்துக்கொண்டு 6 வாட் என்றது.

"வீட்ல பழைய ஐ-7 2600 சும்மா கிடக்கு தம்பி, அதையே டிவிக்குப் போட்டுடலாமே" என்பவர்களுக்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. அது 95 வாட் சில்லு. கொண்டுவரச் சொல்லி, கனமான 4கே எச்இவிசி ஃபைல் ஒன்றைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கூலர் ஃபேன் பிடிக்கிற சத்தத்தில் அவரே நிறுத்தச் சொல்லிவிடுவார். படமும் வெட்டி வெட்டித்தான் போகும்.

பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. சூட்டை வெளியேற்றக் காற்று வேண்டும், காற்றுக்கு ஃபேன் சுற்ற வேண்டும். சத்தம் பிறக்கும் இடம் இதுதான். அதனால் விலை உயர்ந்த சைலன்ட் ஃபேன், கேபினட்டுக்குள் ஒட்டும் பஞ்சு ஷீட் இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தை, வாட்டைக் குறைப்பதில் செலவழிப்பதே லாபம். பஞ்சு ஷீட் நம் ஊருக்கு ஆகவே ஆகாது. சூட்டையும் சேர்த்து உள்ளே பூட்டி வைக்கும்.

ஃபேன் வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். ஆகவே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட அதே மாதிரி இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதே காற்று கிடைக்கும், சத்தம் எவ்வளவோ குறையும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுவதும் இந்தக் கணக்கில்தான் ஜெயிக்கிறது. கையகல மினி பிசிக்களில் இதற்கு வழியே இல்லை. உள்ளே இருப்பது சின்ன ப்ளோயர். வாட் கொஞ்சம் ஏறினாலும் அது கிரீச்சிடும். அந்த மாதிரிப் பெட்டியைத்தான் வாங்கிவிட்டீர்கள் என்றால் பயாஸுக்குள் போய் பவர் லிமிட்டைப் பாருங்கள். 6 வாட் சில்லைத் தயாரிப்பாளர் 15, 20 வாட் வரை குடிக்க விட்டிருப்பார். 8 அல்லது 10-க்கு இறக்குங்கள். படம் ஓடுவதில் எந்த வித்தியாசமும் தெரியாது, ப்ளோயர் அடங்கிவிடும். பத்து நிமிட வேலை, காசு செலவே இல்லை.

அமைதி என்றால் எவ்வளவு என்பதிலும் நம் ஊர்க் கணக்கு வேறு. குளிர் நாட்டுக்காரர்கள் நிசப்தமான அறையில் 18 டெசிபல், 20 டெசிபல் என்று அளந்து எழுதுவார்கள். சென்னையில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. அதன் இரைச்சல் தாழ்ந்ததும் உயர்ந்ததுமாக எல்லா ஓசையும் கலந்த பொதுச் சத்தம். கம்ப்யூட்டரின் காற்றோசை அதற்கடியில் காணாமல் போய்விடும். மறையாதது ஒற்றைச் சுருதியில் நிற்கிற ஓசை. 7200 வேக ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம் டிவி யூனிட்டின் பலகையில் இறங்கினால் யூனிட் முழுவதுமே அதைப் பாட ஆரம்பிக்கும். இரண்டு டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். இரண்டின் வேகமும் மயிரிழை வித்தியாசப்பட்டு, ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓர் அலை கேட்கும். மயிலாப்பூரில் ஒரு வயலின் வாத்தியார் வீட்டில் இப்படித்தான் ஆனது. "டிவிய நிறுத்தினப்புறமும் என்னமோ ஒண்ணு சுருதி பிடிச்சிண்டே இருக்கு, உனக்குக் கேக்கலையா?" என்றார். எனக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை யூனிட் பலகையில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன், தெளிவாகக் கேட்டது. ரப்பர் புஷ் போட்டுப் பார்த்தோம், குறைந்தது, போகவில்லை. கடைசியில் டிஸ்கை ஹாலிலிருந்தே கிளப்பி, உள் அறையில் ரௌட்டர் பக்கத்தில் ஒரு சின்ன நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க்) பெட்டிக்குள் போட்டு, நெட்வொர்க் ஒயர் இழுத்துவிட்டேன். ஹாலில் இருந்த பெட்டிக்கு எஸ்எஸ்டி மட்டும். அன்றிலிருந்து யாருக்கும் ஹால் பெட்டிக்குள் சுற்றுகிற டிஸ்க் வைப்பதில்லை. நாஸுக்கு இடமில்லை என்பவர்களுக்கு இரண்டரை அங்குல டிஸ்க்: ஒன்றிரண்டு வாட்டில் அடங்கும். மூன்றரை அங்குல டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கவே 5 வாட்டுக்கு மேல் கேட்கும். அது மொத்தப் பெட்டியின் பாதிச் செலவு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இன்னொரு கைவழக்கமும் உண்டு. ஓடுகிற ஃபேனின் நடு ஹப்பை விரல் நுனியால் மெதுவாக அழுத்தி ஒரு நொடி நிறுத்துவது. சத்தம் நின்றால் குற்றவாளி அந்த ஃபேன். எல்லா ஃபேனையும் நிறுத்தியும் கீச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால், அது போர்டில் உள்ள காயிலின் அழுகை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வாரண்டிக்குள் இருந்தால் போர்டை மாற்றிவிடுவதுதான் நல்லது.

கடந்த சில வருடங்களாக ஒரு புதுத் தொந்தரவு. வீடுகளில் பிஎல்டிசி சீலிங் ஃபேன் வந்துவிட்டது. 75 வாட் போய் 30 வாட் சொச்சம், சத்தமும் குறைவு. நல்ல விஷயம். ஆனால் பழைய ஃபேனுக்கடியில் ஒளிந்திருந்த கம்ப்யூட்டர் ஓசையெல்லாம் இப்போது வெளியே வந்துவிட்டது. "ரொம்ப நாளா நல்லாத்தான் ஓடிச்சு அண்ணே, இப்ப திடீர்னு சத்தம் போடுது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்டியில் ஒன்றும் மாறியிருக்காது. சில சமயம் தூசி தட்டிக் கொடுத்து, வீட்டில் என்ன ஃபேன் மாற்றினீர்கள் என்று கேட்பேன், சிரிப்பார்கள்.

ஃபேனே இல்லாமல் ஹீட் சிங்க் உடம்போடு வரும் கேபினட் நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாங்கும், வாட்டைப் பொறுத்து. சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு. 22 டிகிரி அறையில் 70-இல் நிற்கும் சில்லு, மே மாதம் 36 டிகிரி ஹாலில் 84-இல் நிற்கும். 105 டிகிரி வரை தாங்கும் சில்லுக்கு அது ஒன்றும் இல்லை. அதையே கதவு மூடிய டிவி யூனிட்டுக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றே 45-ஐத் தாண்டிவிடும்; பக்கத்தில் செட்டாப் பாக்ஸ் வேறு வெந்துகொண்டிருக்கும். அப்போதும் சில்லு சாகாது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். சாவது கெப்பாசிட்டர்தான். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. அடாப்டரும் அதே கதிதான். சர்வீஸுக்கு வரும் ஹால் பெட்டிகளில் ப்ராசஸர் போனதைப் பார்ப்பது அபூர்வம், அடாப்டர் போனது அடிக்கடி.

அதனால் டிவி யூனிட்டைப் பார்க்காமல் நான் கொட்டேஷன் கொடுப்பதில்லை. நேரில் போக முடியாவிட்டால் கதவைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். யூனிட்டின் முதுகுப் பலகையில் கீழே ஓர் ஓட்டை, மேலே ஓர் ஓட்டை, மேலே இருப்பது கொஞ்சம் பெரிதாக. சூடான காற்று தானாக மேலேறிப் போய்விடும், ஃபேனே வேண்டாம். சொல்வது எளிது. தச்சரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். "மைக்கா பிஞ்சிடும் சார், ஃபினிஷிங் போயிடும்" என்பார். முதுகுப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றால், "வேலை பார்த்த எனக்குத் தெரியுமே" என்பார். அதற்கு மேல் அவரிடம் வாதாட எனக்கு மனசு வராது. வீட்டுக்காரரையே பேசவிடுவேன். ஓட்டைக்குக் கம்பி வலை அடிக்கச் சொல்லவும் மறக்க மாட்டேன். கொசுவலைத் துணி தூசியில் அடைத்துக்கொள்ளும். வலை இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கதகதப்புத் தேடிப் பல்லி உள்ளே போகும். போர்டின் மேல் பல்லி கருகிக் கிடந்த பெட்டிகளைத் திறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது வேடிக்கை இல்லை.

பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலை ஒட்டிய வீடுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஃபேன் இல்லாத பெட்டிதான். ஃபேன் உப்புக்காற்றை இழுத்து போர்டின் மேல் பூசுகிறது. ரேமின் பொன்முலாம் பல்லை ரப்பர் அழிப்பான் வைத்துத் தேய்த்தால் அங்கே பாதிப் பெட்டிகள் உயிர் பெற்றுவிடும்.

கரண்ட் பக்கம் வருவோம். 25 வாட் பெட்டிக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் போடுவது வழக்கமாகிவிட்டது, கேபினட்டோடு சும்மா வருகிறது என்பதால். 80 ப்ளஸ் முத்திரை இருந்தாலும் அந்தத் திறனைச் சோதிப்பது 20, 50, 100 சதவீத லோடில். 25 வாட் என்பது அதில் 6 சதவீதம்கூட இல்லை. அந்த இடத்தில் எஸ்எம்பிஎஸ் தனக்கென்று தின்பதே ஒரு பங்கு போய்விடும். கூடவே அதன் ஃபேன் சத்தமும் உங்களுக்குச் சொந்தம். 19 வோல்ட் டிசி ஜாக் உள்ள போர்டாகப் பார்த்து எடுத்தால் லேப்டாப் அடாப்டரே போதும். வீட்டில் செத்துப்போன லேப்டாப்பின் நல்ல 65 வாட் அடாப்டர் கிடந்தால், பின் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அதையே போடுவேன். சாதாரண போர்டு என்றால் 24 பின் சாக்கெட்டில் நேராகச் செருகும் பைகோ பிஎஸ்யு இருக்கிறது, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும்.

மின்சாரச் செலவில் மிச்சம் வருமா? பெட்டியை அணைக்காமல் விடுகிறவர்களுக்கு வரும். 80 வாட் பெட்டி இராப்பகலாக ஓடினால் ஈபி கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் 115 யூனிட். 2016-இல் வீடுகளுக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டை இது ஒன்றே விழுங்கிவிடும். 12 வாட் பெட்டி 17 யூனிட்டில் முடியும். ஸ்லீப்பில் போட்டு எழுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. அவர்களிடம் மின்சார மிச்சம் என்று சொல்லி நான் எதையும் விற்பதில்லை. குறைந்த வாட் பெட்டிகள் நன்றாக விற்றது மின்வெட்டுக் காலத்தில்தான். 2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம், வெளியூர்களில் அதைவிடப் பல மடங்கு. இன்வெர்ட்டரில் டிவியும் ஃபேனும் ஓடியது போக மிச்சத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர் என்றதும் வாங்கினார்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளில் எஸ்எம்பிஎஸ் உறுமும். நல்ல ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சிலது அதில் ஓடாமலே விழுந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கச் சொல்வது என் வேலை இல்லை என்றாலும் சொல்லிவிடுவேன்.

எர்த் இல்லாத பிளக் பாயின்ட் பற்றியும் சொல்ல வேண்டும். அடாப்டரின் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாக ஒரு சொட்டு மின்சாரம் பெட்டியின் உலோக உடம்புக்குக் கசியும்; எர்த் இருந்தால் அதில் போய்விடும், இல்லாவிட்டால் தொடும்போது சுருக்கென்று இருக்கும். ஆளைக் கொல்லாது, எச்டிஎம்ஐ போர்ட்டைக் கொல்லும். டிவி ஒரு சாக்கெட்டில், பெட்டி இன்னொரு சாக்கெட்டில், டிஷ் கேபிள் மொட்டை மாடியில் என்று இருக்கும்போது ஓடுகிற நிலையிலேயே எச்டிஎம்ஐ செருகினால் போர்ட் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பாருங்கள்.

ஓசையும் வாட்டும் சரியாகிவிட்டால் அடுத்து ஓட்டம். பெரும்பாலான ப்ளூ-ரே படங்கள் விநாடிக்கு 23.976 ஃப்ரேம். டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு ஃப்ரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று காட்டித்தான் கணக்கை நேர் செய்ய முடியும். சண்டைக் காட்சியில் யாருக்கும் தெரியாது. காமிரா ஒரு மலையையோ தேரையோ மெதுவாகத் தடவிக்கொண்டு போகும் இடத்தில் படம் நொண்டும். கோடியில் படத்துக்கேற்ப டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் செட்டிங் இருக்கிறது. போட்ட மாத்திரத்தில் சரியாகிவிடும். ஆனால் அதற்குச் சில்லும் ஒத்துழைக்க வேண்டும். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ், 23.976 கேட்டால் 24.000 கொடுத்தது. வித்தியாசம் 0.024 தானே என்று தோன்றும். 41 விநாடிக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் இடறும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுகொண்ட கண்ணுக்கு அடுத்த 41-ஆவது விநாடிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. 2013-இல் ஹாஸ்வெல்லில்தான் இன்டெல் அதைச் சரி செய்தது. இந்த நொண்டல் தெரியாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் காட்டிக் கொடுப்பதில்லை. செட்டிங்கை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஒலிக்கு ஒரு வார்த்தை போதும். ஆப்டிகல் ஒயரில் பழைய டால்பி, டிடிஎஸ் வரைதான் போகும். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ வழியாக முதலில் ரிசீவருக்கு, அங்கிருந்து டிவிக்கு. டிவிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும் என்றால் இஆர்க் இருக்க வேண்டும்.

ரிமோட்தான் வீட்டில் சண்டை வரும் இடம். பெட்டியை வாங்குகிறவர் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். வீட்டில் மற்றவர்களுக்கு டிவி ரிமோட் ஒன்றில் எல்லாம் நடக்க வேண்டும். ராஸ்பெரி பையில் எச்டிஎம்ஐ-சிஇசி உண்டு, டிவி ரிமோட்டே அதை இயக்கும். சாதாரண பிசி போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. யுஎஸ்பி-சிஇசி அடாப்டரோ இன்ஃப்ராரெட் ரிசீவரோ தனியாகப் போட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத கொட்டேஷனை நம்ப வேண்டாம்.

இன்றைக்கு என்னிடம் கேட்டால், என்100 போர்டு, ஃபேன் இல்லாத ஹீட் சிங்க், 19 வோல்ட் அடாப்டர், 8 ஜிபி ரேம், சின்ன எஸ்எஸ்டி, லிப்ரெஎலெக் மென்பொருள், படங்கள் உள் அறை நாஸில். படம் ஓடும்போது சுவரில் வாட்மீட்டர் வைத்துப் பார்த்தால் 15-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். 2023-இல் இன்டெல் தன் நக் என்ற மினி பிசி தொழிலைவிட்டு விலகி ஏசஸ் கையில் கொடுத்த பிறகு, பெயர் தெரியாத மினி பிசிக்கள் குவிந்துவிட்டன. சில்லு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அடாப்டரும் ப்ளோயரும்தான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ராஸ்பெரி பை 4 எச்இவிசிக்கு இன்றும் நல்ல போர்டு, மொபைல் சார்ஜரில் ஓட்டாமல் அதற்குரிய 5.1 வோல்ட் அடாப்டர் போட்டால். பை 5-இல் எச்.264-க்கான ஹார்டுவேர் டீகோடரை எடுத்துவிட்டார்கள். கோர்களே சமாளித்துவிடும், ஆனால் அதற்கு ஃபேன் வைத்த கூலர் போட வேண்டியிருக்கிறது. ஹாலுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

ஓடிடி மட்டும்தான் பார்ப்பேன் என்கிறவருக்கு இது எதுவும் வேண்டாம். அந்தக் கம்பெனிகள் 4கே-யை உரிமப் பூட்டுள்ள கருவிகளுக்குத்தான் தருகின்றன. லினக்ஸ் பெட்டியில் தரம் இறங்கிவிடும். 5 வாட்டுக்குள் ஓடும் ஒரு ஸ்டிக் போதும், இல்லையென்றால் டிவியிலேயே இருக்கும் ஆப். நான் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சொந்தமாகப் படம் சேர்த்து வைத்திருப்பவர் என்றால் வாருங்கள். வரும்போது டிவியின் மாடல் நம்பர், யூனிட்டின் உள்ளளவு, உங்களிடம் இருக்கிற மிகக் கனமான படம் ஒன்று பென்டிரைவில். ப்ராசஸரைக் கடையில் வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.